ஷோவுக்கு 11 வாரம் இருக்கு, ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரல, மாஸ்டர் நல்ல சைன்ங்கறாரு

மார்கழிக்காத்து | இரவு 10:42
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு தான் எழுதுறேன். வயசு 26, ஓஎம்ஆர்ல வேலை, வீடு மடிப்பாக்கம். மூணு வருஷமா வெயிட்ஸ் தூக்குறேன், இப்ப முதல் தடவையா பாடிபில்டிங் போட்டி மேடை ஏறப்போறேன், பொண்ணுங்களுக்கான மாடல் பிசீக் பிரிவு. ஆரம்பிக்கும்போது 63 கிலோ, இப்ப 58. ஜிம்ல இருக்கற மெஷின் ஃபேட் 18 சதவீதம்னு காட்டுது. சாப்பாடு ஒரு நாளைக்கு 1350 கலோரி, மத்தியானம் 100 கிராம் சோறு, மத்தபடி முட்டை வெள்ளை, சிக்கன், வெள்ளரிக்கா, திரும்ப சிக்கன். வாரத்துல 6 நாள் வெயிட்ஸ், காலைல 45 நிமிஷம் நடை.

விஷயம் என்னன்னா ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரல. அதுக்கு முன்னாடி 29, 30 நாளைக்கு ஒரு தடவை அலாரம் வச்ச மாதிரி வரும். மாஸ்டர்கிட்ட தயங்கி தயங்கி சொன்னா "சூப்பர்மா, பாடி டிரை ஆகுது, எல்லாருக்கும் நிக்கும்"னு சொல்லிட்டு நடையை ஒரு மணி நேரம் ஆக்கிட்டாரு. அம்மாகிட்ட சொல்லல. கல்யாணம் ஆகாத பொண்ணு நாள் தள்ளிப்போச்சுன்னு சொன்னா எங்கம்மா முகம் எப்படி போகும்னு உங்களுக்கே தெரியும். கை கால் எப்பவும் ஜில்லுனு இருக்கு, ஆபீஸ் ஏசில ஸ்வெட்டர் இல்லாம உக்கார முடியல (சென்னைல ஸ்வெட்டர் போட்டுட்டு கேன்டீன் போறவ நான் ஒருத்தி தான்), ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் பிரியாணி செய்யற வீடியோவா பாத்துட்டு கிடக்குறேன். இது நார்மலா?

வேளச்சேரிடம்பெல்ஸ் | இரவு 10:58
நான் ஆம்பள, எனக்கு இதுல பெருசா தெரியாது, ஆனா ஃபேட் 22 சதவீதத்துக்கு கீழ போனா பொண்ணுங்களுக்கு நின்னுடும்னு எங்கயோ படிச்சிருக்கேன். அப்ப உங்க 18க்கு இது எதிர்பார்த்தது தானே?

பழையபோட்டிக்காரி | இரவு 11:20
தங்கச்சி, முதல்ல அந்த நடையை பழையபடி 45க்கு கொண்டு வா, மத்தது அப்புறம் பேசிக்கலாம்.

நான் மேடை ஏறினது ஏழு வருஷம் முன்னாடி. உன்ன மாதிரியே தான், ஷோவுக்கு மூணு மாசம் முன்னாடி நின்னுச்சு, எனக்கும் அதே டயலாக் தான் சொன்னாங்க, நானும் பெருமையா கூட இருந்தேன் சத்தியமா, அப்பாடா மாசா மாசம் தொல்லை இல்லன்னு. ஷோ முடிஞ்சு ஒரு மெடலும் வாங்கினேன். அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச சாப்பாடு ரெண்டு வாரம் நிக்கல. பிரியாணி, அப்புறம் ஐஸ்கிரீம், அப்புறம் திரும்ப பிரியாணி, வயிறு வலிக்கும் ஆனா பசி அடங்காது. ரெண்டு வாரத்துல 7 கிலோ, கால் வீங்கி செருப்பு நுழையல, ஷேர் ஆட்டோல ஏறும்போது கணுக்கால்ல விரல் வச்சா குழி விழும். எனக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லல, ஏன்னா எங்க மாஸ்டர் குடுத்த சார்ட் ஷோ தேதியோட முடிஞ்சிடுச்சு. அவர் அடுத்த பசங்களை ரெடி பண்ண போயிட்டாரு.

பீரியட்ஸ் திரும்பி வர 14 மாசம் ஆச்சு. நடுவுல பெசன்ட் நகர் பீச் ரோட்ல ஓட ஆரம்பிச்சு முழங்காலுக்கு கீழ எலும்புல விரிசல். 29 வயசுல. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பாக்கறதுக்கு முன்னாடியே "பீரியட்ஸ் ரெகுலரா வருதா"ன்னு கேட்டாரு பாரு, அப்ப தான் எனக்கு தூக்கி வாரிப்போட்டுச்சு. காலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன்.

இரும்புமாஸ்டர் | காலை 6:05
காலை வணக்கம். நான் 15 வருஷமா கோச்சிங் பண்றேன். தயவுசெஞ்சு அந்த பொண்ண பயமுறுத்தாதீங்க. காம்பெடிஷன்ங்கறது ஹெல்த் கேம்ப் கிடையாது. கொழுப்பு குறையணும், அதுக்கு சாப்பாடு குறையணும், உடம்பு கொஞ்சம் கஷ்டப்படும். ஷோவுக்கு அப்புறம் சாப்பாடு ஏறினா தானா வந்துடும், நான் பாத்த எல்லாருக்கும் வந்துடுச்சு. 11 வாரத்துல போய் விடச்சொல்றது ஈசி, மேடைல நிக்கறவங்களுக்கு தான் அந்த வலி தெரியும்.

பழையபோட்டிக்காரி | காலை 7:40
மாஸ்டர் மரியாதையா கேக்குறேன், எல்லாருக்கும் வந்துடுச்சுன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? ஷோவுக்கு அப்புறம் அவங்கள கூப்பிட்டு கேட்டீங்களா? என்னை யாரும் கேக்கல.

சோறுமுக்கியம் | காலை 9:15
டயட்டீஷியன் நான், விளையாட்டு வீராங்கனைங்க கூட தான் வேலை. ஆபீஸ் பஸ்ல போயிட்டே டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிக்கவும்.

டம்பெல்ஸ் தம்பி சொன்ன 22 சதவீதம் பழைய கணக்கு. 1974ல ரோஸ் ஃபிரிஷ்ங்கற ஆராய்ச்சியாளர் சொன்னது, வயசுக்கு வர 17, சைக்கிள் தொடர்ந்து ஓட 22 சதவீதம் கொழுப்பு வேணும்னு. கேக்க நல்லா இருக்கும், ஆனா நிக்கல. 2003ல ஆன் லௌக்ஸும் அவங்க கூட இருந்தவரும் ஒரு சோதனை பண்ணாங்க, ஒழுங்கா பீரியட்ஸ் வர்ற இளம்பெண்களுக்கு வெறும் 5 நாள் மட்டும் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கட்டுப்படுத்தி பாத்தாங்க. அஞ்சு நாள்ல யாருக்கும் கொழுப்பு சதவீதம் பெருசா மாறப்போறதில்ல. ஆனாலும் மூளைல இருந்து சினைப்பையை தூண்டற எல்எச் ஹார்மோன் துடிப்பு துடிப்பா வரும்ல, அது மெதுவாயிடுச்சு. அதாவது பிரச்சனை நீங்க எவ்ளோ ஒல்லிங்கறது இல்ல, உடற்பயிற்சிக்கு போக உடம்புக்கு மிச்சம் எவ்ளோ எனர்ஜிங்கறது தான். குடும்ப பட்ஜெட் மாதிரி நினைச்சுக்கோங்க, சம்பளத்துல முதல்ல இஎம்ஐ போயிடும், அந்த இஎம்ஐ தான் உங்க ஜிம். மிச்சம் இருக்கறதுல தான் வீடு ஓடணும். பத்தலன்னா வீட்டுக்காரி முதல்ல எதை வெட்டுவா, இன்னிக்கு உயிரோட இருக்க தேவைப்படாததை. பிள்ளை பெத்துக்கறது மூளைக்கு அந்த லிஸ்ட்ல முதல் ஐட்டம். அப்புறம் தைராய்டு ஹார்மோன் டி3 இறங்கும், அதான் கை கால் ஜில்லு. பசியை அடக்கற ஹார்மோன் லெப்டின் இறங்கும், அதான் 3 மணி பிரியாணி வீடியோ.

தங்கச்சி கணக்கையே போட்டு பாப்போம். 58 கிலோல 18 சதவீதம் கொழுப்பு போனா மிச்சம் சுமாரா 47.5 கிலோ. சாப்பிடறது 1350, வெயிட்ஸும் நடையும் சேர்த்து ஒரு 450 போகுதுன்னு வைங்க. மிச்சம் 900. 900ஐ 47.5ஆல வகுத்தா, கொழுப்பு போக ஒரு கிலோ உடம்புக்கு 19 கலோரி. நல்லா ஓடற உடம்புக்கு இந்த நம்பர் 45 கிட்ட இருக்கும், 30க்கு கீழ போனா தான் அந்த சோதனைல எல்எச் தடுமாறுச்சு. நீங்க 19ல இருக்கீங்க, அதுவும் மாஸ்டர் நடையை ஏத்தறதுக்கு முன்னாடி! 30ஐ தொடணும்னா கூட இதே பயிற்சிக்கு 1875 கிட்ட சாப்பிடணும். ஒண்ணு சொல்லிடறேன், 30ங்கறது கோடு போட்டு வச்ச எல்லை இல்ல, சிலருக்கு அதுக்கு மேலயே நின்னுடும், சிலர் அதுக்கு கீழயும் தாக்குப்பிடிப்பாங்க. ஜிம் மெஷின் சதவீதத்தையும் முழுசா நம்பாதீங்க, தண்ணி குடிச்சிட்டு ஏறினா ஒரு நம்பர், குடிக்காம ஏறினா ஒரு நம்பர்.

இரும்புமாஸ்டர் | காலை 9:50
கணக்கெல்லாம் சரி மேடம். 1875 சாப்பிட்டா ஸ்டேஜ் கன்டிஷன் வருமா? ஜட்ஜ் முன்னாடி போய் என் எல்எச் நல்லா இருக்குன்னு சொல்ல முடியுமா?

சோறுமுக்கியம் | காலை 10:30
நியாயமான கேள்வி மாஸ்டர், ஒத்துக்கறேன். மேடைக்கு தேவையான அளவு இறங்கணும்னா கொஞ்ச காலம் பத்தாக்குறை இருந்தே ஆகணும், ஒழுங்கா பிளான் பண்ணி போனவங்களுக்கே கடைசில நின்னுருக்கு. ஃபின்லாந்துல ஹுல்மி குழு 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 27 பெண் போட்டியாளர்கள் சுமார் நாலு மாசம் டயட், கூட ஒப்பிட 23 பேர் டயட் இல்லாம. கொழுப்பு 23 சதவீதத்துல இருந்து 13 கிட்ட வந்துச்சு. லெப்டின், டி3, ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் இறங்குச்சு. ஷோ முடிஞ்சு 3, 4 மாசம் நல்லா சாப்பிட்டதும் பெரும்பாலும் திரும்ப வந்துடுச்சு, ஆனா டி3யும் டெஸ்டோஸ்டிரோனும் முழுசா வரல. அதனால நீங்க சொல்ற "வந்துடும்" பாதி உண்மை. இன்னொரு பக்கம் அமெரிக்கால ஒரே ஒரு போட்டியாளரை மட்டும் தொடர்ந்து பாத்து 2016ல எழுதினாங்க, ஊக்கமருந்து எதுவும் எடுக்காதவங்க, 20 வாரம் பிரெப், அதாவது போட்டிக்கு தயாராகற டயட்டும் பயிற்சியும். அவங்களுக்கு பீரியட்ஸ் திரும்ப 71 வாரம் ஆச்சு. இருபது வாரத்துக்கு எழுபத்தொண்ணு!

என் சண்டை பத்தாக்குறை மேல இல்ல. 11 வாரம் முன்னாடியே நின்னுருச்சுன்னா இன்னும் 11 வாரம் அதே குழில தோண்டணும், அது ஒண்ணு. ஷோ அடுத்த நாள்ல இருந்து என்ன சாப்பிடணும்னு ஒரு பேப்பர் கூட கிடையாது, அது ரெண்டு.

பெரம்பூர்அக்கா | காலை 11:05
அந்த பேப்பர் விஷயம் தான்யா. நாங்க ஷோ தேதிக்கு போன்ல கவுன்ட்டவுன் வைப்போம், மேடைக்கு உடம்புல டேன் கலர் எப்போ அடிக்கணும், பிகினில கல்லு எவ்ளோ ஒட்டணும், எல்லாம் எக்செல்ல இருக்கும். ஷோவுக்கு அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை காலைல என்ன டிபன்னு யாருக்கும் தெரியாது.

டூட்டிடாக்டரம்மா | பகல் 1:40
கைனக் (பெண்கள் நோய்) பிரிவுல பிஜி படிக்கற டாக்டர் நான், நைட் டூட்டி முடிச்சு தூங்கி எழுந்து இதை பாத்தேன், தூக்கம் போச்சு.

மார்கழி, கோச்சுக்காதீங்க, முதல் டெஸ்ட் பிரெக்னன்சி கிட். நான் யாரையும் சந்தேகப்படல, பீரியட்ஸ் வரலன்னு வந்தா 16 வயசோ 46 வயசோ நாங்க அதை தான் முதல்ல பாப்போம். அது நெகட்டிவ்னா ரத்தத்துல ஹார்மோன் டெஸ்ட், அதாவது டிஎஸ்எச் (தைராய்டுக்கு), பிரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன்), அப்புறம் ஒரு ஸ்கேன். டயட்டால நின்னுதுன்னு சொல்றது மத்த காரணம் எல்லாம் இல்லன்னு பாத்துட்டு கடைசில சொல்றது. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடறீங்களா? பிரெப்ல பாதி பேர் போடறாங்க. அது ரத்தத்துல நிறைய இருந்தா தைராய்டு, ஹார்மோன் ரிப்போர்ட் தப்பா வரலாம், அதனால லேப்ல சொல்லிட்டு ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு ரத்தம் குடுங்க.

இப்ப ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, ஸ்கேன்ல சின்ன சின்ன நீர்க்கட்டி தெரிஞ்சா உடனே பிசிஓடின்னு முத்திரை குத்தி "வெயிட் குறைங்க, சாதத்தை விடுங்க"ன்னு சொல்ல ஆள் இருக்காங்க. பட்டினியால நின்னவங்களுக்கும் ஸ்கேன் அப்படி தெரியறது உண்டு. அவங்களுக்கு போய் இன்னும் குறைங்கன்னு சொன்னா என்ன ஆகும்? முழுசா ஹார்மோன் நம்பரோட சேத்து பாக்கணும். ரெண்டு, கருத்தடை மாத்திரை குடுத்து "பாரு வந்துடுச்சு"ன்னு அனுப்பிடுவாங்க. அது மாத்திரையை நிறுத்தறப்ப வர்ற ரத்தம், உங்க சினைப்பை வேலை செஞ்சு வந்தது இல்ல. 2017ல எண்டோகிரைன் சொசைட்டிங்கற ஹார்மோன் டாக்டர்கள் சங்கத்தோட வழிகாட்டுதல்லயே தெளிவா இருக்கு, வெறும் பீரியட்ஸ் வரவைக்கவோ எலும்பு அடர்த்தி ஏத்தவோ இந்த மாத்திரையை குடுக்காதீங்கன்னு. மூடி வச்ச மாதிரி ஆயிடும், உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம இன்னும் ரெண்டு வருஷம் ஓடிடும். ஆறு மாசத்துக்கு மேல நின்னுருந்தா எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன் எடுக்கணும். பழையபோட்டிக்காரி அக்கா, அந்த எலும்பு டாக்டருக்கு ஒரு கும்பிடு போடுங்க.

பெரம்பூர்அக்கா | பகல் 2:10
டாக்டர் மேடம், நம்ம பசங்க தெரியாம மாட்டிக்கற இன்னொண்ணு சொல்லிடறேன். பருவுக்கு ஸ்பைரனோலாக்டோன் எழுதி குடுப்பாங்க, அது வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடை லிஸ்ட்ல டையூரெட்டிக், அதாவது உடம்புல இருந்து தண்ணிய வெளியேத்தற மருந்து கணக்குல இருக்கு. குழந்தைக்காக முட்டை வளர குடுக்கற குளோமிஃபீன், லெட்ரோசோல் ரெண்டும் தடை தான். நான் தப்பு பண்ணல டாக்டர் குடுத்தாருன்னு சொன்னா எடுபடாது, முன்கூட்டியே முறைப்படி விலக்கு வாங்கணும். டாக்டர்கிட்ட போகும்போதே நான் போட்டிக்கு போறவன்னு சொல்லிடுங்க.

வேளச்சேரிடம்பெல்ஸ் | மாலை 4:30
நடுவுல ஒரு சந்தேகம். ஷோவுக்கு மூணு நாள் முன்னாடி தண்ணியும் உப்பும் நிறுத்துவாங்களே, அது பொண்ணுங்களுக்கு இன்னும் கஷ்டமா?

பழையபோட்டிக்காரி | மாலை 5:15
அது ஆம்பள பொம்பள எல்லாருக்கும் முட்டாள்தனம் தம்பி. தசைக்குள்ள ஒரு கிராம் கிளைகோஜன் (சேமிச்சு வச்ச மாவுச்சத்து) தங்கணும்னா கூட சுமார் 3 கிராம் தண்ணி தங்கும், தண்ணிய நிறுத்திட்டு அரிசி ஏத்தினா தசை எப்படி நிறையும், தட்டையா தான் நிப்ப. அதுலயும் சித்திரை வெயில்ல, நம்ம ஊரு புழுக்கத்துல, ஏசி இல்லாத மேடைக்கு பின்னாடி நாலு மணி நேரம் டேன் அடிச்சிட்டு உக்காரணும். இதுக்கு மேல லாசிக்ஸ்னு டையூரெட்டிக் மாத்திரை போடறவங்க இருக்காங்க. பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறா போயிடும். 1992ல முகமது பெனாசிசான்னு உலக லெவல்ல ஜெயிச்ச ஆளு, ஹாலந்துல ஷோ முடிஞ்ச அன்னிக்கே செத்துட்டாரு.

ஆனா பொண்ணுங்களுக்கு ஒரு விஷயம் தனியா உண்டு. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் உடம்பு தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், ஒரு கிலோ ரெண்டு கிலோ ஏறி காட்டும். மாஸ்டர் அதை பாத்துட்டு டயட் ஏமாத்திட்டன்னு சொல்லி 200 கலோரி வெட்டுவாரு. அடுத்த வாரம் தானா இறங்கும், பாரு என் வெட்டு வேலை செஞ்சுதுன்னு அவருக்கு சந்தோஷம். போன மாசம் இதே நாள் எவ்ளோ இருந்துச்சுன்னு பாக்கணும், போன வாரம் இல்ல. என் டயட்ல தேவையில்லாத வெட்டுல பாதி இப்படி நடந்தது தான்.

இரும்புமாஸ்டர் | இரவு 9:00
நாள் முழுக்க இதையே படிச்சிட்டு இருந்தேன். ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. எங்க காலத்துல பொண்ணுங்க ஜிம்முக்கே வரல. வந்ததும் பசங்களுக்கு போட்ட சார்ட்லயே அளவு குறைச்சு குடுத்தோம், எங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? இந்த தண்ணி ஏறுற விஷயம் எனக்கு தெரியும்னு பொய் சொல்ல விரும்பல. ஆனா நடைமுறைல எப்படி? ஒரு பொண்ணுகிட்ட போய் பீரியட்ஸ் வந்துச்சான்னு நான் எப்படி கேக்குறது. வீட்டுக்காரர் கேட்டா என்னை உதைப்பாரு.

பெரம்பூர்அக்கா | இரவு 9:12
கேக்கவே வேணாம் மாஸ்டர். வாரா வாரம் வெயிட், இடுப்பளவு, தூக்கம் எல்லாம் ஷீட்ல போடச் சொல்றீங்கல்ல, அதுல சைக்கிள் எத்தனாவது நாள்னு இன்னொரு கட்டம் போடுங்க. அவங்களே நிரப்புவாங்க. 35ஐ தாண்டுச்சுன்னா நீங்க எதுவும் பேச வேணாம், சாப்பாட்ட ஏத்துங்க, லேடி டாக்டர்கிட்ட அனுப்புங்க.

இரும்புமாஸ்டர் | இரவு 9:20
அது முடியும்.

மார்கழிக்காத்து | ஒன்பது நாள் கழிச்சு, இரவு 11:30
எல்லாருக்கும் நன்றி, பதில் போடாததுக்கு சாரி. கிட் நெகட்டிவ் (தெரிஞ்சது தான், இருந்தாலும் பாத்ரூம்ல நின்னு அந்த ரெண்டு நிமிஷம்...). டிஎஸ்எச், பிரோலாக்டின் நார்மல். எல்எச் 1.2, எஃப்எஸ்எச் 4.6, எஸ்ட்ராடியால் 20க்கும் கீழ. வைட்டமின் டி 13, அஞ்சரை மணிக்கு இருட்டுல நடந்துட்டு மிச்ச நேரம் ஏசிக்குள்ள உக்காந்தா வேற எப்படி இருக்கும். ஸ்கேன் எடுத்தவங்க சொல்லி வச்ச மாதிரி "பிசிஓடி மாதிரி இருக்கு, வெயிட்டை குறைங்க"ன்னாங்க. 58 கிலோ, வயித்துல கட்டு தெரியுது, என்னை பாத்து! இந்த இழைய படிக்கலன்னா அன்னிக்கு சாயங்காலமே அந்த 100 கிராம் சோத்தையும் விட்டுருப்பேன்.

டூட்டிடாக்டரம்மா | இரவு 11:52
இந்த நம்பர் பிசிஓடி மாதிரி இல்ல, அதுல எல்எச் பெரும்பாலும் இப்படி தூங்காது. மூளை கடையை சாத்திட்டு இருக்கு. ரிப்போர்ட்ட எடுத்துட்டு ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட்டை (ஹார்மோன் டாக்டரை) நேர்ல பாருங்க, இங்க நான் சொல்றதோட நிறுத்தாதீங்க.

மார்கழிக்காத்து | ரெண்டு வாரம் கழிச்சு, இரவு 8:15
பாத்துட்டேன், அவங்களும் அதையே தான் சொன்னாங்க. இந்த ஷோவை விட்டுட்டேன். ஃபீஸ் கட்டினது போச்சு, பிகினிக்கு குடுத்த அட்வான்ஸும் போச்சு, எங்க ஜிம் மாஸ்டர் மூஞ்ச திருப்பிட்டு போறாரு. மூணு நாள் அழுதேன், பொய் சொல்லல. இப்ப 1900 சாப்பிடறேன், நடை வாரத்துல மூணு நாள், வெயிட்ஸ் நாலு நாள். ரெண்டு கிலோ ஏறிடுச்சு, கண்ணாடி பாக்க கஷ்டமா தான் இருக்கு. ஆனா நேத்து ராத்திரி 6 மணி நேரம் ஒரே தூக்கம்.

ரிப்போர்ட்ட அம்மா பாத்துட்டாங்க. வேற வழி இல்லாம எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தா எதுவும் பேசாம உள்ள போய் உளுந்து ஊறப்போட்டாங்க. நான் வயசுக்கு வந்தப்ப பாட்டி 16 நாள் விடாம குடுத்த அதே உளுந்தங்களி, நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்தி. டயட் ஆரம்பிச்சப்ப இதெல்லாம் விஷம்னு சொல்லி அம்மாகிட்ட சண்டை போட்டவ நான். இப்ப என் பிரச்சனை வேற, கலோரி ஆப்ல உளுந்தங்களின்னு தேடினா ஒண்ணும் வரமாட்டேங்குது. யாராச்சும் போட்டு வச்சிருக்கீங்களா?

சோறுமுக்கியம் | இரவு 8:31
உளுந்து 50 கிராம்னா 170, கருப்பட்டி 40 கிராம்னா 150, நல்லெண்ணெய் எவ்ளோ ஊத்தினாங்க?

மார்கழிக்காத்து | இரவு 8:33
அம்மா ஊத்தினது. குழி நிறைய.

சோறுமுக்கியம் | இரவு 8:34
அப்ப ரெண்டு டேபிள்ஸ்பூன்னு வச்சு 250 போடுங்க. மொத்தம் 570. இல்லன்னா இன்னிக்கு ஒரு நாள் ஆப்ல எதுவும் போடாதீங்க.